துரைசானி எடுத்த கலர்ப் படம்

— அந்தப் பியானோவ இன்னொரு வாட்டி போடு பாப்பா. கயித்துல தொங்கிக்கிட்டு, கப்பலுக்குள்ள போகவே மாட்டேன்னு என்னமா அடம் பிடிக்குது பாரு!

— டேய், நாம பியானோ பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? போதும்டா.

— விடுக்கா. வெள்ளைக்காரனுங்க மூட்டை கட்டின அழகை நான் எங்க பார்த்தேன்? அப்போ நான் அம்மா வயித்துக்குள்ள இருந்தேன். நீயாச்சும் ஆறு வயசுல நின்னு வேடிக்கை பார்த்திருக்க.

— போடறேன் சார். மெதுவா ஓட விடறேன், நல்லாத் தெரியும். பின்னாடி பாருங்க, கூண்டுக்குள்ள ரெண்டு நாய். அதுங்களுக்கும் கப்பல்ல இடம் போட்டிருக்காங்க.

— நாய்க்கு டிக்கெட்டா! நான் கண்டக்டரா இருந்தப்போ கோழிக்குக்கூட டிக்கெட் கிழிச்சிருக்கேன். நாய்க்கு மட்டும் கிழிச்சதில்ல. அது என்ன பாப்பா, கம்பளி சுத்தி நாலு பேர் தூக்கிட்டு வர்றாங்க?

— ராஜா சிலையோட தலை சார். உடம்பைத் தனியாப் பெட்டியில போட்டுட்டாங்க.

— போற வழியில ராஜாவுக்குச் சளி பிடிச்சிடக் கூடாதுன்னு கம்பளி போர்த்தியிருக்கானுங்க. சபாஷ்!

— இவன் வாயத் திறந்தா டெப்போ போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்த மாட்டான்மா. நீ கண்டுக்காத. இதை எடுத்தது யாருன்னு சொன்ன? ஃபோன்ல சரியாக் காதுல விழல.

— துரைசானி எடுத்தது டீச்சர். இங்க கடைசியா இருந்த துரையோட மனைவி. கையில பிடிச்சு எடுக்கற சின்ன கேமரா. அந்தக் காலத்துல கலர் ஃபிலிம் வாங்கறதுன்னா பெரிய இடமா இருக்கணும். எடுத்து, ஊருக்குக் கொண்டு போய்ப் பரண்ல போட்டுட்டாங்க. இப்போ அவங்க பேத்தி வீட்டை விக்கறப்போ பெட்டியைத் திறந்து பார்த்து, எங்க ஸ்டுடியோவுக்கு அனுப்பி வச்சாங்க. இதை வச்சுத்தான் நான் டாக்குமெண்டரி பண்றேன்.

— என்னமா பளிச்சுன்னு இருக்கு! எனக்கு அந்தக் காலம்னாலே கருப்பு வெள்ளைதான் பாப்பா. அப்போல்லாம் வானமே சாம்பல் கலர்ல இருந்த மாதிரி ஒரு நினைப்பு. இங்க பார்த்தா நம்ம கடல் எவ்வளவு நீலமா இருக்கு.

— கடல் அப்பவும் நீலம்தான்டா. நீ லேட்டாப் பொறந்துட்ட.

— அந்தத் தோட்டத்துல புகை வருதே, என்ன எரிக்கறாங்க?

— ஃபைலுங்க சார். யார் யார் அவங்களுக்கு வேலை செஞ்சாங்க, யார் தகவல் கொடுத்தாங்கன்னு எழுதி வச்சிருந்ததெல்லாம். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எரிச்சுட்டுத்தான் போனாங்க. பாருங்க, துரையே கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு கம்பால கிளறி விடறாரு.

— அதெல்லாம் இருக்கட்டும்மா. எங்க அப்பா வர்ற இடத்தைக் காட்டு.

— ஆமா பாப்பா. நான் எங்கப்பாவைப் பார்த்ததே இல்ல. வீட்ல ஒரே ஒரு போட்டோ. அதுலயும் பாதி மூஞ்சி நிழல். மனுஷன் கருப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது.

— மாநிறம்டா. உன்ன மாதிரிதான். வெள்ளைச் சட்டை தவிர வேற போடமாட்டாரு. துரை ஆபீஸ்ல மொழிபெயர்ப்பாளர் வேலை, அதனால எப்பவும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் போராட்டத்துல சேர்ந்தாரு.

— டீச்சர், போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதைப் பார்க்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். நான் எதிர்பார்த்த மாதிரியே இல்ல. நீங்களும்...

— தெரியும்மா. ஊர்வலம், துப்பாக்கிச்சூடு, பிணம். நான் இதைப் பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் பாடமா நடத்தினவ. சொந்த அப்பா செத்ததை போர்டுல எழுதி, "முக்கியமான கேள்வி"ன்னு கோடு போட்டுக் கொடுத்தவ. அழ மாட்டேன். போடு.

— சரிங்க. இது துரையோட வீட்டு பால்கனியில இருந்து எடுத்தது. கீழ துறைமுக ரோடு.

— அடேங்கப்பா, எவ்வளவு கூட்டம்! சத்தம் வரலையே பாப்பா?

— அந்த கேமராவில சத்தம் பதியாது சார்.

— வாயெல்லாம் அசையுது, ஒண்ணும் கேக்கல. முன்னாடி துணி பிடிச்சுக்கிட்டு வர்றவன் யாரு? மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி சிரிச்சுக்கிட்டே வர்றானே.

— அவர் போர்டு எழுதற பெயிண்டர் சார். அந்தத் துணியில சிவப்பு எழுத்து இருக்கில்ல, அதுவும் அவர் எழுதினதுதான். கையைப் பாருங்க. பெயிண்ட்டைக்கூடக் கழுவாம வந்திருக்காரு.

— அப்பா எங்கடா? முன்வரிசையிலதான் இருக்கணும்.

— நானும் தேடறேன்கா. வெள்ளைச் சட்டை நிறைய இருக்கு. இது இல்ல. இதுவும் இல்ல.

— பாடத்துல முன்வரிசைன்னுதான் போட்டிருக்கு. கொடியை அவர்தான் பிடிச்சிருந்தாரு.

— கொடியை ஒரு சின்னப் பையன் பிடிச்சிருக்கான்கா.

— பின்னாடி வருவாருடா. அவசரப்படாத.

— டீச்சர், இங்கதான் சுட ஆரம்பிக்கறாங்க. நிறுத்தட்டுமா?

— ஓடட்டும்.

— ஐயோ... மஞ்சள் சட்டை விழுந்துட்டான்கா. மொத ஆளே அவன்தான். குப்புற விழுந்துட்டான். ச்சே, சிரிச்சுக்கிட்டே வந்தானே.

— பேசாதடா. பாரு.

— ரோடு பூரா செருப்பு. மனுஷங்க எல்லாம் ஓடிட்டாங்க, செருப்பு மட்டும் கிடக்கு. துரைசானி கையில படம் ஆடுது. ஆனாலும் நிறுத்தலையே பாப்பா அந்தப் பொம்பள.

— நிறுத்தல சார். அப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் படம் இல்ல. மறுபடியும் அதே பால்கனியில இருந்து எடுத்திருக்காங்க. இப்போ எல்லாரையும் ரோட்டோரமா வரிசையாப் படுக்க வச்சிருக்காங்க. அடையாளம் சொல்ல வீட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க.

— அம்மா! டேய், அம்மாடா! அந்தப் பச்சை உடுத்திக்கிட்டு வர்றாங்க பாரு!

— அதுவா அம்மா? அக்கா, என் மக வயசுகூட இருக்காது போல. எவ்வளவு சின்னப் பொண்ணு! வயித்துல கை வச்சுக்கிட்டு நடக்கறாங்க. உள்ள இருக்கறது நான்தானே?

— நீதான். வேற யாரு?

— ஒவ்வொருத்தரா குனிஞ்சு பார்க்கறாங்க. அக்கா, கையைப் பிடிச்சுக்கோ.

— இரு, இரு. இதோ உக்காருறாங்க. மேல் துணியை எடுத்து மூஞ்சியை மூடறாங்க. இதேதான்மா! இதேதான் பாடப்புத்தகத்துல இருக்கற படம். பேப்பர்காரன் எதிர்ப்பக்கம் நின்னு எடுத்தது. "கணவனின் முகத்தில் வெயில் படாமல் மூடிய வீரத்தாய்." அந்த வரியை எத்தனை பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கேன்!

— அக்கா.

— அப்படியே புத்தகத்துல இருக்கற மாதிரியே...

— அக்கா, சட்டையைப் பாரு.

— என்னடா?

— மஞ்சளா இருக்குக்கா.

— பழைய ஃபிலிம்டா. கலர் மாறியிருக்கும். இல்ல ரத்தம் பட்டு அப்படித் தெரியுது.

— ரத்தம் சிவப்பாத்தான் இருக்கு டீச்சர்.

— புத்தகத்துல வெள்ளையா இருக்கும்மா!

— கருப்பு வெள்ளைப் படத்துல மஞ்சளும் வெள்ளையாத்தான் தெரியும்.

— அப்போ அன்னிக்கு ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்டிருப்பாரு. ஊர்வலத்துக்குன்னு.

— ஏன்கா, கையில பெயிண்ட்டும் பூசிக்கிட்டாரா?

— அளந்து பேசுடா! அம்மா பதறிப் போயிருக்காங்க. கண்ணுல தண்ணி, வயித்துல பிள்ளை. யாரோ ஒருத்தன் மூஞ்சி சிதைஞ்சு கிடக்கான். அப்பாதான்னு நினைச்சுட்டாங்க. மனுஷிதானே? அப்பா அந்த வரிசையில வேற எங்கயாவது கிடந்திருப்பாரு.

— டீச்சர், அம்மா இப்போ தலையைத் தூக்கறாங்க, பாருங்க. அழுதுக்கிட்டே மேல பார்க்கறாங்க.

— கடவுளைக் கூப்பிடறாங்க.

— வானத்தைப் பார்க்கலக்கா. நேரா நம்மளப் பார்க்கறாங்க. இந்த பால்கனியைப் பார்க்கறாங்க. பாப்பா, இங்க யாரு இருக்கறது?

— துரைசானி கேமராவை அப்படியே திருப்பறாங்க சார். இதான் அந்த இடம். அது துரை, உக்காந்திருக்காரு. அது போலீஸ் அதிகாரி. கதவுக்குப் பக்கத்துல, சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கறவர்...

— நிறுத்து.

— டீச்சர்...

— நிறுத்தும்மா. அது எங்கப்பா இல்ல.

— அக்கா.

— இல்லைன்னு சொல்றேன்ல! வெள்ளைச் சட்டை போட்டவன் எல்லாம் எங்கப்பா ஆயிடுவானா?

— அக்கா, அது என் மூஞ்சி. தினம் காலையில ஷேவ் பண்றப்போ கண்ணாடியில பார்க்கற மூஞ்சி. அந்தக் காதைப் பாரு. நம்ம வீட்டைத் தவிர அந்தக் காது எங்க இருக்கு?

— பிடிச்சு வச்சிருப்பாங்கடா. மிரட்டி உள்ள நிக்க வச்சிருப்பாங்க. அவனுங்க செய்யாத அக்கிரமமா?

— கையில டீ கப்பு இருக்கு டீச்சர். தண்ணி குடிங்க. இந்தாங்க.

— கீழ அம்மா மார்ல அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. மேல இவரு டீ குடிக்கறாரு. சக்கரை போதுமான்னு கேட்டிருப்பானா அந்த துரை?

— டேய், வேணாம்டா.

— என்ன வேணாம்? சர்வீஸ் பூரா அந்த ரூட்ல ஓடினேன்கா. ஒவ்வொரு ட்ரிப்புலயும், "தியாகி சிலை, தியாகி சிலை, இறங்கு இறங்கு"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மத்த ஸ்டாப்பைச் சொல்றப்போ சாதாரணமாச் சொல்லுவேன். அந்த ஸ்டாப் வந்தா மட்டும் நெஞ்சு நிமிர்ந்துக்கும். சிலை மேல காக்கா உக்காந்திருக்குன்னு சிரிச்ச காலேஜ் பையனை நடுரோட்டுல இறக்கி விட்டுட்டு வந்தவன் நான். அந்தப் பையனைக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கணும் இப்போ.

— சார், ஊர்வலம் எந்த வழியா வருதுன்னு போலீசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ரோட்டோட ரெண்டு பக்கமும் காத்துக்கிட்டு இருந்தாங்க. யாரோ உள்ள இருந்துதான் சொல்லியிருக்கணும்.

— யாரோன்னு ஏன் இழுக்கற பாப்பா? மொழிபெயர்க்கறதுதானே அவர் வேலை. நம்ம ஆளுங்க பேசினதை அவங்க பாஷையில சொல்லியிருக்காரு. வேலையை ஒண்ணும் விடல. ஒழுங்காத்தான் பார்த்திருக்காரு.

— அம்மாவை ஏமாத்திட்டாருடா. அதைச் சொல்லு. போராட்டம்னு சொல்லி வீட்டை விட்டுப் போயிட்டு, அங்க போய் உக்காந்துக்கிட்டு, அம்மாவைத் தெருவுல அழ விட்டாரு. அந்தப் பொம்பள ஆயுசு பூரா அவரு படத்துக்கு முன்னாடி விளக்கு அணையாமப் பார்த்துக்கிட்டாங்க. எங்கம்மா மாதிரி ஏமாந்தவ இந்த உலகத்துலயே கிடையாது.

— அம்மா மேல பார்த்தாங்களேக்கா.

— தெரியாமப் பார்த்திருப்பாங்க.

— பார்த்துட்டுத் திரும்பவும் குனிஞ்சு, அந்தத் துணியை இன்னும் நல்லா இழுத்து மூடினாங்க. நான் பார்த்தேன்.

— நீ வாயை மூடு. ஏம்மா, இன்னும் ஏதாவது இருக்கா?

— ஒண்ணு இருக்கு டீச்சர். கப்பல் கிளம்பற அன்னிக்கு எடுத்தது. அஞ்சு நாள் கழிச்சு. பார்க்கணும்னு கட்டாயம் இல்ல. சொன்னாலே போதும்னா சொல்றேன்.

— காட்டு. எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இவனுக்குப் புரியணும்.

— சரிங்க... இது துரைசானி கப்பல் மேல இருந்து எடுத்தது. ஏணியில ஏறி வர்றவங்க. இது துரையோட பிள்ளைங்க. இது ஆயா. இவர்...

— கோட்டு, தொப்பி எல்லாம் போட்டு ஜம்முனு இருக்காரு. அளவு சரியில்ல. துரையோட பழைய கோட்டா இருக்கும். தோள் தொங்குது பாரு.

— ஆமா. அவர்தான். நான் இல்லைன்னு சொல்லல.

— கீழ கரையில நிக்கற கூட்டத்தைப் பாருங்க டீச்சர். தூண் பக்கத்துல.

— அக்கா, அது அம்மாதானே? அதே பச்சை.

— பக்கத்துல நிக்கறது நான்.

— நீயா?

— சிவப்பு ரிப்பன். அம்மா அன்னிக்குப் புதுசா வாங்கித் தலையில கட்டி விட்டாங்க. அப்பா செத்து ஒரு வாரம்கூட ஆகல, புது ரிப்பன் எதுக்குன்னு பக்கத்து வீட்ல கேட்டாங்க. பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு, பெரிய கப்பலைக் காட்டிட்டு வர்றேன்னு அம்மா சொன்னாங்க.

— உனக்கு ஞாபகம் இருக்கா?

— எப்படிடா மறக்கும்? "கப்பலுக்கு டாட்டா காட்டு"ன்னு சொன்னாங்க. யாருக்கும்மான்னு கேட்டேன். "யாருக்கும் இல்ல, கப்பலுக்குத்தான், நல்லா ஆட்டு"ன்னாங்க. கை வலிக்கற வரைக்கும் ஆட்டினேன். இதை நான் வகுப்புல கதையாச் சொல்லுவேன்டா. "நம்ம நாட்டை விட்டு அவங்க போனப்போ, தியாகியோட மக நான் கையாட்டி விரட்டி விட்டேன்"னு. பிள்ளைங்க எல்லாம் கை தட்டும்.

— அவரு திருப்பி ஆட்டினாரா பாப்பா?

— ஒரே ஒரு தடவ தொப்பியைத் தொட்டாரு சார். நிறுத்திக் காட்டவா?

— வேணாம்மா. லைட்டைப் போடு. இருட்டுல உக்கார முடியல.

— போட்டுட்டேன் டீச்சர்.

— டேய், என்னைப் பாரு. எங்கயோ பார்க்காத. சரி, அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க. ஒத்துக்கறேன். இப்போ நீ சொல்லு, அவங்க வேற என்ன பண்ணியிருக்க முடியும்? அந்த வாரம் காட்டிக்கொடுத்தவங்க வீடுன்னு தேடித் தேடித் தீ வச்சாங்க. ஆறு வயசுப் பொண்ணு, வயித்துல நீ. புருஷன் உயிரோட துரை வீட்ல இருக்கான்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நம்ம மூணு பேரையும் உள்ள வச்சே கொளுத்தியிருப்பாங்க. அவரு செத்துட்டாருன்னு சொன்னாத்தான் நாம பொழைக்க முடியும். சொன்னாங்க. பொழைச்சோம்.

— நம்மகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா? சாகறப்போ மூணு மாசம் பக்கத்துலயே இருந்தேன். கரண்டியில கஞ்சி ஊட்டினேன். அந்த மூணு மாசத்துல ஒரு வார்த்தை? "டேய், உங்கப்பன் எங்கயோ இருக்கான்டா"ன்னு ஒரு வார்த்தை?

— உன் நெஞ்சு நிமிர்ந்துக்கிட்டு இருந்துச்சே. அதைக் குனிய வைக்க மனசு வரல அவங்களுக்கு. யோசிச்சுப் பாரு, அதுல யாருக்கு என்ன நஷ்டம்? யாரோ கேக்க நாதியில்லாத ஒரு மனுஷன். அனாதைப் பிணமாக் குழியில தள்ளியிருப்பாங்க. ஊரே திரண்டு, பூப் போட்டு, மரியாதையா அடக்கம் பண்ணாங்க. அதே இடத்துல சிலை வேற. அவனுக்கு அதுல என்ன குறை?

— பாப்பா, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட?

— ஒண்ணுமில்ல சார்.

— ஒண்ணுமில்லாம தோள் இப்படிக் குலுங்குமா? அக்கா, இவ அழறா.

— ஏம்மா? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

— அவர் நாதியில்லாதவர் இல்ல டீச்சர்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க அம்மாவோட அப்பா.

— என்ன சொல்ற பாப்பா? அந்த மஞ்சள் சட்டை... உங்க தாத்தாவா?

— இந்தப் படம் வந்து சேர்றதுக்கு முன்னாடி எனக்கும் தெரியாது சார். தாத்தாவைப் பத்தி எங்க வீட்ல ரெண்டே விஷயம்தான் சொல்லுவாங்க. போர்டு எழுதற பெயிண்டர், கடைசியா மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. ஃபிலிமைத் துடைச்சு மெஷின்ல ஏத்தி முதல் தடவ ஓட்டினப்போ, அந்தச் சட்டையும் அந்தக் கையும்... நான் அப்படியே எழுந்திருச்சு வெளிய போயிட்டேன். அப்புறம் எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். திரை பக்கத்துல போய் நின்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

— அன்னிக்கு உங்க பாட்டி எங்க போனாங்க? பிணத்தை அவங்க பார்க்கலையா?

— பாட்டி அப்போ ஊர்ல இல்ல டீச்சர். எங்கம்மா மூணு வயசுக் குழந்தை, விடாத காய்ச்சல். வேற ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. திரும்பி வர்றதுக்குள்ள அடக்கமும் முடிஞ்சு, கப்பலும் போயிடுச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? சுட்டப்போ ஓடினவங்க யாரும் திரும்பிப் பார்க்கல. தாத்தாவைக் காணோம். செத்தவங்க கணக்குலயும் இல்ல, ஜெயில்லயும் இல்ல. அந்த ஆளுதான் ஊர்வலத்தைக் காட்டிக்கொடுத்துட்டு, அவங்களோட கப்பல் ஏறி ஓடிட்டான்னு ஊரே முடிவு கட்டிடுச்சு. வீட்டைக் கொளுத்தினாங்க. பாட்டி குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போய், பாத்திரம் கழுவி எங்கம்மாவை வளர்த்தாங்க. அங்கயும் பேச்சு வந்து சேர்ந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல எங்கம்மாவுக்குப் பேரே கிடையாது. "காட்டிக்கொடுத்தவன் மக" அவ்வளவுதான்.

— அடப்பாவமே... எங்க அப்பாவுக்கு விழ வேண்டிய பேரு.

— சார், நீங்க கூவின ஸ்டாப்புல படுத்திருக்கறது எங்க தாத்தா.

— நீ எங்களைப் பழி வாங்கத்தான் கூப்பிட்டியா பாப்பா? முதல்ல பியானோவைக் காட்டி, நாயைக் காட்டி, சிரிக்க வச்சு, அப்புறம் கழுத்தறுக்கறதுக்கா?

— சத்தியமா இல்ல சார். அந்தத் தொப்பி போட்ட ஆளு யாருன்னு நீங்க சொன்னாத்தான் உண்டு. இல்லைன்னா அவர் வெறும் ஒரு தொப்பி. நான் சொன்னா, காட்டிக்கொடுத்தவன் பேத்தி கதை கட்டறான்னு சொல்லுவாங்க. தியாகியோட மக சொன்னா ஊர் நம்பும்.

— சொல்லக் கூடாதுக்கா. என் பொண்ணுக்கு வேலை கிடைச்சதே தியாகி பேத்திங்கற சலுகையிலதான். நாளைக்கு அவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆபீஸ் போவா? எழுந்திரு, போகலாம்.

— உக்காருடா.

— அக்கா...

— உக்காருன்னு சொன்னேன். ஒரு பொண்ணோட பேரை நாம சாப்பிட்டுட்டோம். அந்தப் பொண்ணு என்னைவிட மூணு வயசுதான் சின்னவ. இன்னும் உயிரோட இருக்கா. கேமராவைப் போடும்மா. நானே சொல்றேன். எங்கப்பா சாகல, ஓடிப்போனாரு, சிலைக்கு அடியில இருக்கறது பெயிண்டர்னு என் வாயாலயே சொல்றேன். பாடமா நடத்தின வாய்தானே? அதுவே திருத்தட்டும்.

— ரொம்ப நன்றி டீச்சர். எங்கம்மா இதைக் கேட்டா...

— ஒண்ணும் சொல்லாத. ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவை நீ என்ன வேணா காட்டு. டீ கப்பைக் காட்டு, தொப்பியைக் காட்டு. எங்கம்மாவை மட்டும் விட்டுடு. அவங்க பொய் சொன்னாங்க, இல்லைங்கல. ஆனா பிள்ளைங்களைக் காப்பாத்தச் சொன்ன பொய். இன்னொருத்தி குடியைக் கெடுக்கணும்னு சொல்லல. உங்க பாட்டின்னு ஒருத்தி இருக்கறதே எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது.

— இந்த மைக்கை எங்க வச்சேன்...

— என்னம்மா, சம்மதமா?

— சரிங்க டீச்சர். அந்த நாற்காலியில உக்காருங்க. இந்த மைக்கைக் கழுத்துகிட்ட குத்திக்கங்க.

— இரு. ஒண்ணு மட்டும் புரியல. காணாமப் போனவன் வேற எங்கயாவது போயிருப்பான்னு நினைக்கலாம்ல? கப்பல் ஏறிட்டான்னு அவ்வளவு உறுதியா ஊருக்குள்ள கிளப்பி விட்டது யாரு?

— எங்க பாட்டிதான் டீச்சர்.

— என்னது! கட்டின பொண்டாட்டியேவா?

— சந்தோஷத்துல. "என் வீட்டுக்காரர் சாகல, கப்பல் ஏறிட்டாரு, உயிரோட இருக்காரு"ன்னு தெருவுல போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. சொன்னா ஊர் அதை எப்படி எடுத்துக்கும்னு யோசிக்கத் தோணல. அன்னிக்குச் சாயங்காலமே வீடு எரிஞ்சு போச்சு.

— கப்பல் ஏறிட்டாருன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?

— ஆரம்பிச்சுடலாம் டீச்சர். நீங்க கேமராவைப் பார்க்காம, என்னைப் பார்த்துப் பேசினாப் போதும்.

— பேச்சை மாத்தாத. உங்க பாட்டிக்குச் சொன்னது யாரு?

— பாட்டி சாகற வரைக்கும் அவங்களை வாழ்த்திக்கிட்டேதான் இருந்தாங்க டீச்சர். "தியாகியோட சம்சாரம், புருஷனைப் பறிகொடுத்து நிக்கறா, வயித்துல பிள்ளை வேற. அந்தத் துக்கத்துலயும் வாசல்ல அழுதுக்கிட்டு நின்ன என் கையைப் பிடிச்சு, 'அழாத, உன் வீட்டுக்காரர் சாகல, கப்பல் ஏறினதை நான் என் கண்ணால பார்த்தேன்'னு சொன்னாளே, அந்த மகராசி நல்லா இருக்கணும்"னு.